கண்ணுள்ள பூச்சி இருந்த பக்கம்

சாட்சி வாக்குமூலம். பதிவான இடம்: பொது மருத்துவமனை, ஆண்கள் எலும்பு முறிவு வார்டு, பதினொன்றாம் எண் கட்டில். நேரம்: முற்பகல் 10.15 முதல் 12.50 வரை. சாட்சியின் பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் எழுதி உறையில் ஒட்டப்பட்டுள்ளன. மற்றவர்களும் இந்தப் பதிவில் தொழிலாலும் உறவாலுமே குறிக்கப்படுகிறார்கள்.

என் வயது 44. சுண்ணாம்புக்கல் குவாரியின் ஊழியர் குடியிருப்பில், மூன்றாம் வரிசை கடைசி வீட்டில், மனைவியுடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் குடியிருக்கிறேன். அந்தக் குவாரியில் பதினேழு வருடமாக அளவு வேலை பார்த்து வருகிறேன். பாறையில் துளை போட வேண்டிய இடங்களை நூல் பிடித்துக் குறித்துக் கொடுப்பது என் வேலை. அதனால் எல்லோரும் என்னை நூல்காரர் என்றே கூப்பிடுவார்கள். என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் குவாரி வாசலில் அப்படி யாரும் இல்லை என்பார்கள். என் மனைவியின் அண்ணன் அதே குவாரியில் வெடி மேஸ்திரி. அவர் எனக்கு மச்சான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்தேன் என்று ஒரு பேச்சு வரக் கூடாது.

சென்ற வருடம் குவாரியின் கிழக்குப் பக்கத்தில் துளை போடும்போது, இருபது அடி ஆழத்தில் கம்பி தடுப்பில்லாமல் உள்ளே போய் விழுந்தது. தோண்டிப் பார்த்ததில் கீழே குகை இருப்பது தெரிந்தது. அதன் பிறகு கிழக்குப் பக்கம் வேலையை விரிவாக்க நிர்வாகம் அனுமதி கேட்டது. குகைக்குள் உயிரினம் ஏதும் வாழ்கிறதா என்று விவரம் தெரிந்தவர் பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் அனுமதி என்று பதில் வந்தது. அதன் பிறகு ஆறு நாள் ஆய்வுக்காக, கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் ஒரு அம்மா வந்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு, முழங்காலில் ரப்பர் பட்டை கட்டியிருந்தார். வந்த முதல் நாளே குவாரியில் அவருக்குப் பூச்சியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பூச்சியம்மா உள்ள போனா, அறிக்கையில பூச்சியம்தான் வெளிய வரும்" என்று டிரில்லர்கள் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "நீ அந்தம்மா கூடவே இரு. என்ன எடுக்கறாங்க, என்ன எழுதறாங்க, எல்லாம் எனக்குத் தெரியணும். உள்ள ஒண்ணும் இல்லேன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பணும்" என்றார். நான் சரி என்றேன். அப்படிச் சொன்னதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

குகைக்குள் இறங்க இரும்பு ஏணி போட்டிருந்தது. ஏணிக்குப் பக்கத்தில் டோக்கன் பலகை. இறங்குகிறவர் தன் டோக்கனை ‘வெளியே’ என்ற ஆணியிலிருந்து எடுத்து ‘உள்ளே’ என்ற ஆணியில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். ‘உள்ளே’ ஆணியில் ஒரு டோக்கன் இருந்தாலும் குவாரியில் எந்தப் பக்கமும் வெடி வைக்கக் கூடாது என்பது அந்த ஆறு நாளுக்கும் எழுத்தில் போட்ட விதி. என் டோக்கன் 14, அவருடையது 31.

முதல் நாள் அவர் குகைக்குள் செய்ததைப் பார்த்து எனக்கு அலுப்பாக இருந்தது. குப்புறப் படுத்து, ஒரே ஒரு கல்லை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த கருவிகள் ஓவியம் வரையும் தூரிகை ஒன்று, டீ வடிகட்டி ஒன்று, ஒரு ஸ்பூன், மூடி போட்ட சின்னக் குப்பிகள், ஒரு தெர்மாமீட்டர். கல்லைப் புரட்டினால் திரும்ப அதே வாக்கில் வைப்பார். "நம்ம வீட்டுக் கூரையை ஒருத்தன் தூக்கிப் பார்த்துட்டு அப்படியே போட்டுட்டுப் போனா சும்மா இருப்போமா தம்பி?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் எனக்கு ஒன்றைக் காட்டினார். சுவரில் அரிசி நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று நகர்ந்தது. அதற்குக் கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. மீசை மட்டும் உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளம். விளக்கை அதன் முகத்தில் அடித்தும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை ஒரு சாண் தூரத்தில் நீட்டியதும் சட்டென்று நின்றுவிட்டது. "பாவம், குருடு" என்றேன். "பாவமெல்லாம் இல்ல. இருட்டுல கண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அதுக்கு ஆகற தீனிய மீசைக்குக் குடுத்துடுச்சு. மாசத்துக்கு ஒரு வேளை கிடைச்சாப் போதும், வருஷக்கணக்கா வாழும். நாம ஒரு வேளை டீ லேட்டானா வீட்டையே ரெண்டாக்கறோம்" என்றார்.

அதன் பிறகு எனக்குப் புரிகிற மாதிரி ஒரு கணக்குச் சொன்னார். குகையில் இருப்பதெல்லாம் மூன்று சாதி. வாசல் பக்கம் இருப்பவை வந்து போகிற விருந்தாளிகள். வெளியே போய்த் தின்றுவிட்டு உள்ளே வந்து தூங்கும், நிறமும் உண்டு, கண்ணும் உண்டு. நடுவில் இருப்பவை வாடகைக்காரர்கள். அங்கேயும் இருப்பார்கள், இங்கேயும் இருப்பார்கள், கண் சிறுத்திருக்கும். ஆழத்தில் இருப்பவைதான் சொந்த வீட்டுக்காரர்கள். வெள்ளை, கண் கிடையாது, தலைமுறை தலைமுறையாக வெளிச்சத்தையே பார்த்ததில்லை, வெளியே வந்தால் வெயிலில் செத்துப்போகும். இதை நான் சாயங்காலம் மேனேஜரிடம் சொன்னபோது, வீட்டுக்காரர் என்ற சொல் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை 8.20க்கு நாங்கள் இருவரும் டோக்கன்களை ‘உள்ளே’ ஆணியில் மாட்டினோம். என்னுடையதை நான் மாட்டினேன், அவருடையதை அவர் மாட்டினார். பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டோம். அதன் பிறகு இறங்கி, சுமார் முந்நூறு மீட்டர் தூரம் குனிந்தும் தவழ்ந்தும் போய், அதுவரை போகாத ஒரு அறைக்கு வந்தோம். அங்கே தண்ணீர் தேங்கிய ஒரு குளம் இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. அவர் கரையில் படுத்தார். நான் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டேன். 11.15 மணிக்கு அவர், "தம்பி, மூச்சு விடாம இங்க வாங்க" என்றார்.

வடிகட்டியில் விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று கிடந்தது. இறால் குஞ்சைப் பக்கவாட்டில் தட்டையாக அழுத்தியது போல இருந்தது. உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே குடல் ஓடுவது தெரிந்தது. அவர், இருபத்திரண்டு வருடமாக ஒன்பது குகைகளில் இந்த வகையில் ஒன்றைத் தேடியதாகவும், இது இதுவரை யாரும் எழுதி வைக்காத ஒன்று என்றும் சொன்னார். அதைத் தண்ணீரோடு ஒரு குப்பியில் விட்டார். அதன் பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

11.40க்கு வெடிச் சத்தம் கேட்டது. சைரன் எங்கள் காதுக்கு வரவில்லை. முதலில் தரை தூக்கிப் போட்டது, அதன் பிறகு சத்தம், அதன் பிறகு நாங்கள் வந்த வழியின் கூரை இறங்கியது. பதினேழு வருடம் வெடியை வெளியே நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. புழுதி அடங்க அரை மணி நேரம் ஆயிற்று. வந்த வழி முழுக்க அடைந்துவிட்டது. என் ஹெல்மெட் விளக்கு நொறுங்கிப்போயிருந்தது. ஒரு கல் விழுந்து அம்மாவுக்கு இடது தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. தொட்டுப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. பையில் இருந்த ஸ்பிரிட் குப்பி உடைந்து அந்த வாசனை அறை முழுக்க இருந்தது. இருந்தது அவருடைய ஒரு விளக்கு, எட்டு மணி நேரத்துக்கு வருகிற பேட்டரி, என் சுத்தியல், என் நூல் உருண்டை, நான்கு பிஸ்கட்.

நான் விழுந்த கற்களைக் கையால் இழுத்தேன். ஒன்றை இழுத்தால் இரண்டு இறங்கியது. என் மகள்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று அம்மா பிறகு சொன்னார், எனக்கு நினைவில்லை. அவர் விளக்கை அணைத்தார். இருட்டில் என் சட்டைக் காலரைப் பிடித்து, "உக்காருங்க. முதல்ல இந்த உயிரை வரைஞ்சுடலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே சொல்ல வேண்டும். இருப்பது எட்டு மணி நேர வெளிச்சம்; அதில் பூச்சிக்குப் படம் வரைவதா என்று கத்தினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: ஸ்பிரிட் இல்லாததால் அதைச் செத்த பிறகு கெடாமல் வைக்க வழியில்லை. உயிரோடு தூக்கிக்கொண்டு போனால் நம் உடம்புச் சூட்டிலேயே செத்துவிடும். "அது மட்டும் இல்ல, அடிவயித்தைப் பாருங்க" என்று விளக்கைப் போட்டார். மூன்று முட்டைகள் இருந்தன. உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிய முட்டைகள். "வெளியில ஓடற தண்ணியில இதோட சொந்தக்காரங்க முப்பது நாப்பது போடும், போனது போச்சுன்னு விட்டுடும். இது மூணே மூணு. அம்மாக்காரி தன் பங்கு தீனிய மிச்சம் பிடிச்சு மூணையும் பெருசாக்கியிருக்கா. இவளை எடுத்துட்டுப் போய் அழுக விடச் சொல்றீங்களா?" என்றார்.

அவர் இடது கையால் எழுதுகிறவர், அந்தக் கையைத் தூக்க முடியாததால் நான்தான் வரைந்தேன். என் அளவுப் புத்தகத்தில், குவாரி முகம் வரைகிற அதே பென்சிலால், கட்டம் போட்டு வரைந்தேன். நீளம் பதினோரு மில்லிமீட்டர். கால் ஏழு ஜோடி, முதல் இரண்டும் பிடிக்கிற கை போல. மீசை இரண்டு ஜோடி. கண் இல்லை. அவர் ஒவ்வொரு கணுவாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். இருபது நிமிட வெளிச்சம் செலவாயிற்று. 61, 62, 63ஆம் பக்கங்களில் அது இருக்கிறது. அந்தப் புத்தகத்தை இந்த வாக்குமூலத்துடன் ஒப்படைக்கிறேன். அதன் பிறகு அவர் குப்பியைத் தண்ணீருக்குள் சாய்த்தார். அது ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கல்லுக்கு அடியில் போயிற்று.

அதன் பிறகு வழி பார்த்தோம். அந்த அறையிலிருந்து இரண்டு பிலங்கள் பிரிந்தன. ஒன்று ஆள் நிமிர்ந்து நடக்கலாம், மேல் நோக்கி ஏறியது, அதில் லேசாகக் காற்றும் வந்தது. இன்னொன்று மார்பு உயரம்கூட இல்லை, கீழ் நோக்கிச் சரிந்தது. கல் பார்த்தவன் என்கிற முறையில் பெரிய வழியில்தான் போக வேண்டும் என்றேன். அவர் பெரிய வழிக்குள் பத்தடி போய்ச் சுவரைப் பார்த்தார், பிறகு சின்ன வழிக்குள் படுத்துப் பார்த்தார். பெரிய வழியில் இருந்ததெல்லாம் வெள்ளை, கண் இல்லாதவை. சின்ன வழியில் ஒரு பாச்சை இருந்தது. பழுப்பு நிறம். கண் மிளகு மாதிரி கறுப்பு.

"இது விருந்தாளி. ராத்திரிக்கு வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருக்கு. இந்தப் பக்கம்" என்றார்.

"காத்து அந்தப் பக்கம் வருதும்மா."

"காத்துக்கு முடி நுழையற சந்து போதும் தம்பி."

"பாச்சைக்கு மட்டும் என்ன, கதவா வேணும்? அது நுழையற சந்துல நாம நுழைய முடியுமா?"

"முடியாது. ஆனா அந்தப் பக்கம் வெயில் இருக்குன்னு அது சொல்லுது. சந்தைப் பெருசாக்கத்தான் நீங்க இருக்கீங்களே."

"அம்மா, ரெண்டு உயிரு. ஒரு பூச்சிய நம்பி..."

"காலையில மனுஷன நம்பித்தானே உள்ள வந்தோம்?" என்றார்.

புறப்பட்டபோது மணி 1.30. அவர் இடது கையை என் துண்டால் மார்போடு சேர்த்துக் கட்டினேன். நூலின் ஒரு முனையைக் குளத்தங்கரைக் கல்லில் கட்டி, வந்த வழி தெரிய விட்டுக்கொண்டே போனேன். அவர் முன்னால், ஒரு கையும் இரண்டு முழங்காலுமாகத் தவழ்ந்தார். வலி வரும்போதெல்லாம் எனக்குப் புரியாத சொற்கள் ஏதோ முணுமுணுத்தார். மேனேஜரைத் திட்டுகிறார் என்று நினைத்து நானும் ஒன்றிரண்டு சேர்த்துச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, அவை பூச்சிகளின் சாஸ்திரப் பெயர்களாம். பரீட்சைக்குப் படித்த காலத்திலிருந்தே பயம் வந்தால் அதைத்தான் சொல்வாராம்.

நூறடிக்கு ஒரு முறை நிறுத்துவார். விளக்கைப் போட்டு, சுவரில் ஒரு கை அகலத்துக்கு எத்தனை உயிர், அதில் கண்ணுள்ளது எத்தனை என்று எண்ணுவோம். முதலில் பத்துக்கு ஒன்று. அதன் பிறகு பத்துக்கு இரண்டு. அதன் பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தவழ்வோம். வழி பிரிகிற இடங்களில் எந்தப் பக்கம் என்று அவர் பார்த்துச் சொல்வார். எனக்குத் தெரிந்த வேலை அது. புள்ளி வைத்துப் புள்ளி வைத்து நூல் பிடிப்பது. இங்கே புள்ளிக்குக் கால் இருந்தது, அவ்வளவுதான்.

மாலை ஆறு மணி இருக்கும். மூன்று நிறுத்தங்களாகக் கண்ணுள்ளது ஒன்றுகூட இல்லை. எல்லாம் வெள்ளை. அவர் பின்னால் திரும்பி, "நான் தப்பா வந்துட்டேன். அந்த ரெண்டாவது பிரிவுல ஈரமா இருந்த பக்கம் வந்திருக்கக் கூடாது. என் தப்புதான். திரும்பணும்" என்றார். எலும்பு உடைந்து, இரண்டு மணி நேரம் தவழ்ந்து வந்த தூரம் அது. நான் பார்த்த மேலதிகாரிகள் யாரும் தப்பு என்ற சொல்லைத் தன்னை வைத்துச் சொன்னதில்லை. பாறை சரிந்தாலும் பாறைமேல்தான் பழி போடுவார்கள். நூலைப் பிடித்துக்கொண்டே பிரிவு வரை திரும்பினோம். நூல் இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அவர் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், என் பங்குக்கு அது ஒன்றாவது இருக்கட்டும்.

அதன் பிறகு அங்கேயே ஓய்வெடுத்தோம். ஆளுக்கு இரண்டு பிஸ்கட். பூச்சிகளுக்கு வைக்க அவர் கொண்டுவந்திருந்த பாலாடைக்கட்டித் துண்டு ஒன்று பாக்கெட்டில் இருந்தது. நாலு நாள் ஆனது, நாற்றம் அடித்தது. நான் சாப்பிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "அதுங்களே ரெண்டு நாளா யோசிச்சுட்டு விட்டுடுச்சு" என்றார். இருட்டில் அவர் சிரித்தது கேட்டது, சிரித்ததால் தோள் வலித்ததும் கேட்டது.

தூக்கம் வராமல், எதற்கம்மா இந்த வேலை என்று கேட்டேன். "என் வீட்டுக்காரர் முப்பது வருஷமா இதையேதான் கேட்கறார். மேல எவ்வளவோ நடக்குது, வெள்ளம், சண்டை, ஊரே மாறுது. இங்க ஒரு உயிர் ஒரு துளித் தண்ணிய நம்பி, யாரும் பார்க்கலேன்னாலும் ஒழுங்கா வாழ்ந்துட்டிருக்கு. அதைப் பார்த்துட்டு வந்தா எனக்கு மனுஷங்க மேல இருக்கற கோபம் குறையுது" என்றார். அதன் பிறகு என் மகள்கள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, என் கைக்கடிகாரப்படி, மற்றப் பிரிவில் புறப்பட்டோம். பத்துக்கு மூன்று. பத்துக்கு ஐந்து. ஒரு சிலந்தி. அதன் பிறகு எலிப் புழுக்கை. அவர் அதைக் கையில் நசுக்கி, உள்ளே விதை இருப்பதைக் காட்டி, "பாச்சை வழி இப்ப எலி வழி ஆயிடுச்சு தம்பி. சந்து பெருசாகுது" என்றார். நகை வாங்கிக் கொடுத்த மாதிரி சந்தோஷம் அவர் முகத்தில். அதன் பிறகு கூரையிலிருந்து முடி போல வேர் தொங்கியது. அதன் பிறகு பேட்டரி தீர்ந்தது. தீர்ந்த பிறகும் எனக்கு என் கை தெரிந்தது. அது வெளிச்சம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தண்ணீர்க் குடம் அளவில் ஒரு துளை இருந்தது, சுற்றிலும் மண்ணும் கல்லும். அந்த இடத்துக் கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் சுத்தியலால் அடித்தேன். வெளியே ஒரு வீட்டின் பின்புறம். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் சத்தம் கேட்டு, "யாரது சுவத்தை உடைக்கறது?" என்று கத்தினார்.

"நாங்க குவாரிக்காரங்கம்மா!" என்றேன்.

"குவாரி மலைக்கு அந்தப் பக்கம்யா! என் கொல்லையில உங்களுக்கு என்ன வேலை?" என்றார். அதன் பிறகு என் கை வெளியே நீண்டதைப் பார்த்ததும் துணிவாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து இழுத்தார். அப்போது மணி பிற்பகல் 2.10. உள்ளே அடைபட்டு இருபத்தாறரை மணி நேரம் ஆகியிருந்தது. என்னை இழுத்தபோது முழங்காலில் கல் விழுந்து சில்லு உடைந்தது. பிறகு அம்மாவைத் தூக்கினோம். வெளியே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம், "உங்க வீட்டுல பாச்சைத் தொல்லை உண்டா?" என்று கேட்டார். அந்தப் பெண், "அதை ஏன் கேக்கறீங்க, தினமும் சாயங்காலம் இந்த ஓட்டையிலேர்ந்துதான் வருது. போன வாரம்தான் மருந்தடிக்கணும்னு நெனச்சேன்" என்றார். அடிக்காமல் விட்டதற்கு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனி வெடி பற்றி எனக்குத் தெரிந்தது. நாங்கள் மாட்டிய டோக்கன் இரண்டும் வெடிக்கு முன் ‘வெளியே’ ஆணியில் இருந்திருக்கின்றன. மாற்றியது யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். நானோ அம்மாவோ மாற்றவில்லை. பதிவேட்டில் அன்றைய பக்கம் இல்லை என்று கேள்விப்பட்டேன். நான்கு நாளாகக் கல் போகாமல் அரவை இயந்திரம் சும்மா நின்றது என்பதும், மேனேஜருக்கு மேலிடத்திலிருந்து நெருக்கடி இருந்தது என்பதும் குவாரியில் எல்லோருக்கும் தெரியும்.

வெடிப்பெட்டியின் கைப்பிடியை அழுத்தியது என் மச்சான். நாங்கள் வெளியே வந்த அன்று மாலை, அவரைக் காவலில் எடுக்கும் முன், இந்தக் கட்டிலுக்கு வந்தார். அவருடைய பத்து விரலிலும் கட்டு. வெடி வைத்துக் கால் மணி நேரத்தில் என் சாப்பாட்டுத் தூக்கு ஏணிக்கடியில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து மறுநாள் நாங்கள் வந்த செய்தி கேட்கும் வரை கடப்பாரையை விடவில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். "நீ இருப்பேன்னு நெனச்சுத் தோண்டல மாப்ளே. பொணத்தையாவது தங்கச்சி கையில குடுக்கணும்னுதான் தோண்டினேன்" என்றார். அதன் பிறகு நடந்ததை அவரே சொன்னார். மேனேஜரிடம் இரண்டு முறை, உள்ளே ஆள் இருக்கா என்று கேட்டாராம். "டோக்கன் வெளிய தொங்குது பாரு, கண்ணு தெரியலையா?" என்று மேனேஜர் சொன்னாராம். அவர் டோக்கனைப் பார்த்தார். ஆளைப் பார்க்கவில்லை. அழுத்தும் முன் வெடி மேஸ்திரி தானே ஆட்களைத் தலை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

நேற்று என் மனைவி இந்தக் கட்டிலருகில் உட்கார்ந்து, "அண்ணன் தலை எண்ணாததை மட்டும் சொல்லாம விட முடியாதாங்க?" என்று கேட்டாள். அதன் பிறகு அவள் காவல் நிலையத்துக்குப் போய் அண்ணனையே கேட்டிருக்கிறாள். அவர், "அதைச் சேர்த்தே சொல்லச் சொல்லு. மேனேஜர் என்னைத்தான் மாட்டிவிடப் பார்ப்பான், நான் செஞ்சதை மறைச்சா, அவன் செஞ்சதைச் சொல்ல எனக்கு வாய் இருக்காது" என்றாராம். இதைச் சொல்லும்போது என் மனைவி அழவில்லை. எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள், என் கை இரண்டும் நன்றாக இருந்தும்.

இன்று காலை நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, நாங்கள் அனுமதி நேரத்துக்கு மீறி, சொல்லாமல் இறங்கினோம் என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார். போட்டால் குடியிருப்பு வீடு தொடரும் என்றார். போடவில்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்று மகள் போனில் சொன்னாள். என்னை மேனேஜர் உள்ளே அனுப்பியது, ஒன்றும் இல்லை என்று ஆக்குவதற்காக. இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன். 61ஆம் பக்கத்தின் அடியில் வரைந்தவன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுதிய அதிகாரி எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். இரண்டு திருத்தம் சொன்னேன். அம்மாவின் வயதை ஐம்பத்தொன்பது என்று எழுதியிருந்தார். ஐம்பத்தேழு என்று மாற்றச் சொன்னேன், அவர் காதுக்குப் போனால் என்னைச் சும்மா விட மாட்டார். அடுத்தது, முதல் பக்கத்தின் சுருக்கக் குறிப்பில், இருவரும் ‘அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினர்’ என்று இருந்தது. அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன். வேறு என்ன எழுதுவது என்று அதிகாரி கேட்டார். ‘ஆசிரியை வழி தெரிந்து கூட்டி வந்தார்’ என்று எழுதச் சொன்னேன். எழுதினார். அடித்த இடத்தில் இருவரும் சுருக்கொப்பமிட்டோம்.

மற்றபடி இதில் கண்டதெல்லாம் நான் சொன்னதே, நடந்ததே. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
சாட்சி, பதினொன்றாம் எண் கட்டில்

என் முன்னிலையில் வாசித்துக் காட்டி, சாட்சி சரியென ஒப்புக்கொண்ட பின் பதிவு செய்யப்பட்டது. இணைப்பு: அளவுப் புத்தகம் ஒன்று, பென்சில் படங்கள் மூன்று பக்கம்.

(ஒப்பம்)
விசாரணை அதிகாரி